ஒரு சொல்லும் விடாமல்

மார்ச் 9, ஞாயிறு. இன்றைய தவறு: ஒன்று. சின்னதுதான். பிரசங்கத்தைச் சைகையில் சொல்லும்போது ஒரு சொல்லை ஆறு இடங்களில் விட்டுவிட்டு வேறு சொன்னேன். கை தவறி அல்ல, தெரிந்தே. மற்றபடி வேகம் பரவாயில்லை.

அந்த நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் முதல் வரி எப்போதும் தவறுக்குத்தான். சைகை மொழி மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பதினாலு மாதமாக அவள் அப்படித்தான் எழுதுகிறாள். தவறே இல்லாத நாள் வந்தால் முதல் வரியில் என்ன எழுதுவது என்ற கவலை அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

பகலில் மருத்துவமனையில் வேலை. அறுவை அரங்கிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, எண்ணி, பட்டியலோடு ஒத்துப் பார்த்து, துணியில் சுற்றி நீராவிப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். கத்தரி நாலு, இடுக்கி ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். மற்றவர்கள் ஒரு தடவை எண்ணினால் அவள் இரண்டு தடவை எண்ணுவாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மூன்றாவது தடவை மனசுக்குள் எண்ணுவாள். அதனால் அங்கே அவளுக்கு ‘லிஸ்ட்டு’ என்று பேர். சபையில் ‘தங்கச்சி’.

சபையில் காது கேளாதவர் ஒருவர்தான், தையல்கார அக்கா. நாற்பது வயசு இருக்கும். எட்டு வருஷமாக முதல் வரிசையில் உட்கார்ந்து போதகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர். கிடைத்த உதட்டசைவை வைத்து மீதியை ஊகித்துக்கொள்வார். பத்து மாதத்துக்கு முன் தங்கச்சி மேடைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கியதும், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சபையே பார்த்தது. தங்கச்சியும் பார்த்தாள். அந்தக் காட்சியை அவள் கொஞ்சம் அதிகமாகவே ஞாபகம் வைத்திருந்தாள்.

இந்த ஞாயிறு போதகர், கடவுள் பேசுவதை மனிதர்கள் காதில் போட்டுக்கொள்ளாததைப் பற்றிப் பேசினார். சூடு ஏறியதும், “நாம செவிடங்களா இருக்கோம்!” என்று மேசையைத் தட்டினார். அவள் கை அந்தரத்தில் நின்றது. முதல் வரிசையில் அக்கா, நல்ல சேலை கட்டி, அவள் விரல்களையே பார்த்தபடி இருந்தார். மனசு கேட்கவில்லை. ‘கேட்க மறுப்பவர்கள்’ என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். போதகருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று போல, இன்னும் ஐந்து தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் பின்வரிசையிலிருந்து நாலைந்து தலைகள் அக்கா பக்கம் திரும்பின.

அக்காவுக்குக் காதுதான் கேட்காது. முதுகு முழுக்கக் கண். திரும்பிப் பார்த்துவிட்டு, “என்ன சொல்றாரு? ஏன் எல்லாரும் என்னையப் பாக்குறாங்க?” என்று மடியிலேயே கையை வைத்துச் சின்னதாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல” என்று தங்கச்சி சைகை காட்டினாள்.

அந்த ‘ஒண்ணுமில்ல’ மட்டும் நோட்டில் ஏறவில்லை.

போதகர் தன் பிரசங்கத்தை எழுத்தில் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறவர். செவ்வாய்க்கிழமை அனுப்பினார். அன்று மாலை வகுப்பு முடிந்து போனைத் திறந்தால் அக்காவிடமிருந்து ஒரு செய்தி. ‘6’ என்று ஓர் எண், எழுத்தில் அந்தச் சொல் வந்த கணக்கு. அடுத்த வரியில் ‘கடைக்கு வா’.

புதன்கிழமை வேலையில் ஒரே கருவித் தட்டை மூன்று தடவை எண்ணினாள். பக்கத்து மேசைக்காரி துணியைச் சுற்றிக்கொண்டே, “என்ன லிஸ்ட்டு, இடுக்கி குட்டி போட்டுருக்கான்னு பாக்குறியா?” என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் மேசைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். “நல்லது பண்ணப்போய் வாங்கிக் கட்டிக்கிறியே. இனிமே நான் வரலன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கெழம நல்லாத் தூங்கு. உன் கண்ணப் பாத்தா ரெண்டு நாள் பிரேதம் மாதிரி இருக்கு.”

அந்த யோசனை தங்கச்சிக்கு இனித்தது. ஞாயிறு தூக்கம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை எடுத்து மன்னிப்பை எழுதினாள். நாலு காரணங்கள், எண் போட்டு.

அக்காவின் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. ஒரு தையல் இயந்திரம், ஒரு நீள மேசை, சுவரில் ஆணிக்கு ஆணி பாதி தைத்த சட்டைகள். யாராவது உள்ளே வந்தால் கதவுக்கு மேல் விளக்கு எரியும். விளக்கு எரிந்தும் அக்கா தலையைத் தூக்கவில்லை. ஒரு சட்டைக் கையைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

தங்கச்சி நாலு காரணங்களையும் வரிசையாகச் சைகையில் சொன்னாள். அக்கா மனசு நோகக்கூடாது என்று நினைத்தது. போதகர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது. யோசிக்க நேரம் இல்லாதது. அன்று காலை வரை இரட்டை ஷிஃப்ட் பார்த்தது. கடைசியில் ‘மன்னிச்சிருங்க’.

அக்கா பொறுமையாகப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினார்.

“நல்லாத்தான் தச்சிருக்க. உன் அளவுக்கு. எனக்கு எப்படிப் பத்தும்?”

தங்கச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“அவரு சொன்னது எனக்குப் புதுசில்ல. தெருவுல கேக்காத பேச்சா? உதட்டப் பாத்தே தெரியும் எனக்கு. நீ ‘ஒண்ணுமில்ல’ன்ன பாரு, அதுதான். நாப்பது வருஷமா எல்லாரும் எங்கிட்ட சொல்றது அதுதான். எல்லாரும் சிரிப்பாங்க, என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல. அழுவாங்க, ஒண்ணுமில்ல. எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பகூட ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. நீயும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியா?”

அவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார், மெதுவாகத்தான்.

“வெள்ளிக்கெழம சபைக் கூட்டத்துல நான் எழுந்து பேசப்போறேன். போதகரப் பத்தியும், உன்னப் பத்தியும். வேற ஆள் இல்ல, நீதான் குரல் குடுக்கணும். என் கூடப்பொறந்தவ வந்து போன்ல பதிவு பண்ணுவா. நான் கையில சொல்றத எனக்காக எழுதியும் வச்சிருப்பேன், அவ ரெண்டையும் ஒத்துப் பாப்பா. ஒரு சொல்லு கொறஞ்சாலும் உன் கை எனக்கு வேணாம். அந்த சபையும் வேணாம். வீட்லயே உக்காந்து ஜெபம் பண்ணிக்கிறேன்.”

வீட்டில் இதைக் கேட்டதும் அம்மா கொதித்தாள். “உன்னத் திட்டுறத நீயே சத்தமா சொல்லணுமா? இது எந்த ஊரு நியாயம்டி? தலவலின்னு சொல்லிட்டுப் படு.”

“அப்பறம் அக்கா போயிருவாங்கம்மா.”

“போனாப் போகட்டும். அவளுக்கு ரோஷம் இருந்தா உனக்கு இருக்கக்கூடாதா?”

ரோஷம் அவளுக்கும் இருந்தது, நிறையவே இருந்தது. பத்து மாதமாக ஒரு ஞாயிறு விடாமல் நின்றதையெல்லாம் ஒரு சொல்லுக்காக அக்கா கழுவி ஊற்றிவிட்டாரே என்று ஒரு பக்கம் பொங்கியது. ஆனால் அக்கா சபையை விட்டுப் போனால் அந்த முதல் வரிசை நாற்காலியை எப்படிப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே ஜெபம் செய்தாள். தாழ்மை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள். கேட்கும்போதே, கூட்டத்தில் தலை குனிந்து நிற்கிற தன்னையும், அதைப் பார்த்து உருகுகிற ஜனங்களையும் மனசு படம் பிடித்துக் காட்டியது. சே என்று ஆகிவிட்டது. ‘ஆண்டவரே, எனக்கு நல்ல பேர் வேணாம். வாய் மட்டும் ஒழுங்கா வரட்டும்’ என்று முடித்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று வலித்தன. அன்று நாற்பத்திரண்டு தட்டுகள்.

கூட்டம் ஆறு மணிக்கு, சபையின் பக்கத்து அறையில். இருபது பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநரான செயலர், ஒழுகும் கூரையைப் பற்றியும் கரகரக்கும் ஒலிபெருக்கியைப் பற்றியும் பேசி முடித்து, “வேற ஏதாவது?” என்றார். அக்கா எழுந்தார்.

தங்கச்சி அக்காவுக்கு எதிரே போய் நின்றாள். அக்காவின் தங்கை போனை மேசையில் வைத்தாள். சைகைக்குக் குரல் கொடுக்கிறவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் முதல் வாரம் கற்றது.

“நான் இந்த சபைக்கு எட்டு வருஷமா வர்றேன்” என்றாள் அவள், அக்காவின் கையைப் பார்த்தபடி. “போன ஞாயித்துக்கெழம போதகர் ஆறு தடவ செவிடங்கன்னு சொன்னாரு. கடவுளுக்குக் கீழ்ப்படியாதவங்களத் திட்ட அவருக்கு என் காதுதான் கெடைச்சுது. எனக்குக் காது கேக்காது. கடவுள் சொல்றத நான் கேக்கலன்னு இவருக்கு யாரு சொன்னா?”

அறையில் யாரோ செருமினார்கள். போதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காவின் கை நிற்கவில்லை.

“அவரு பரவால்ல, மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. இந்தப் பொண்ணு அத எங்கிட்டருந்து மறைச்சா. கேட்டதுக்குப் பொய் சொன்னா. எம்மேல பாசம்னு சொல்றா. அது பாசம் இல்ல. பெரும. என்னக் காப்பாத்துறவளா இருக்கணும்னு இவளுக்கு ஆச.”

‘பெரும’ என்ற சொல்லில் அவள் குரல் உடைந்தது. நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

“வேலை செஞ்ச களைப்பாம். களைப்புன்னா உக்காரட்டும். இவ வாராவாரம் இப்படித்தான் வெட்டி ஒட்டியிருப்பா. பத்து மாசமா நான் கேட்டது போதகர் பிரசங்கமா இவ பிரசங்கமா, எனக்குத் தெரியல.”

இது உண்மையில்லை. அந்த ஒரு ஞாயிறு தவிர அவள் எதையும் தெரிந்து விட்டதில்லை. ‘இது மட்டும் பொய்’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இப்போது அவள் வாய் அவளுடையது அல்ல. அந்த வாக்கியத்தையும் முழுசாக, சத்தம் குறையாமல் சொல்லி முடித்தாள். கன்னத்தில் ஈரம் இறங்கியதைத் துடைக்கவும் கை வரவில்லை.

அக்கா உட்கார்ந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “வேதத்துலயே இருக்கிற வார்த்ததானே? இதுக்கெல்லாம் கோவப்பட்டா எப்படி?” என்றார். தங்கச்சி அதையும் அப்படியே அக்காவுக்குச் சொன்னாள். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார்.

“தங்கச்சி, வாராவாரம்னு சொல்றாங்களே, அது உண்மையா?” என்றார் செயலர்.

அவள் முதலில் கேள்வியை அக்காவுக்குச் சொன்னாள். பிறகு, “நான் எனக்காகப் பேசலாமா?” என்று சைகையில் கேட்டாள். அக்கா தலையசைத்தார். அவள் வாயும் கையுமாகப் பேசினாள்.

“மறைச்சது நெசம். பொய் சொன்னது நெசம். பெருமன்னு சொன்னதும்... நெசந்தான், நான் பாக்காம வச்சிருந்தேன். வாராவாரம் இல்ல, அன்னைக்கு ஒரு நாள். அத அக்கா நம்பணும்னு நான் கேக்க முடியாது. மன்னிச்சிருங்கக்கா.”

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். அவரும் களைத்திருந்தார். “நான் உவமையாச் சொன்னது. அதுல தப்பு இருக்குன்னு எனக்கு இப்பவும் முழுசாத் தோணல” என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “எழுதும்போது நீங்க முதல் வரிசையில இருப்பீங்கன்னு எனக்கு ஞாபகமே வரல. அது தப்பு. நாளைக்கு மூணு மணிக்கு எங்க வீட்டுக்கு வர முடியுமா? எனக்கு வெளங்குற வரைக்கும் சொல்லுங்க” என்றார்.

அதையும் அவள் சொன்னாள், ‘முழுசாத் தோணல’ என்பதையும் சேர்த்து. அக்கா யோசித்துவிட்டு, வருகிறேன் என்று தலையாட்டினார்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அக்காவின் தங்கை சன்னலோரம் நின்று, போனைக் காதில் வைத்துத் தாளைச் சரிபார்த்தாள். அக்கா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கச்சி ஒரே நாற்காலியை இரண்டு தடவை அடுக்கினாள். கடைசியில் தங்கை தலையசைத்து, தாளை மடித்துக் கொடுத்தாள்.

அக்கா தங்கச்சியிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“சொல்லு எதுவும் கொறையல. ஆனா ஒண்ணு கூட்டிட்ட.”

“என்னக்கா?”

“நான் கோவமாப் பேசுனேன். நீ அழுதுகிட்டே சொன்ன. எல்லாருக்கும் உம்மேல பரிதாபம் வந்திருக்கும், எனக்கு எதுக்கு அது? என் பேச்சுல அழுகை இல்ல.” அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நாளைக்கு என் கோவத்தக் கோவமாச் சொல்லு. மொதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. பாக்கவே சகிக்கல.”

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதினாள். எழுத்து ஆடியது.

மார்ச் 14, வெள்ளி. தவறு: அழுதது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ‘ஒண்ணுமில்ல’ என்றதையும் சேர்க்க வேண்டும். அது சின்னதல்ல.

நாளை: காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குப் போதகர் வீட்டில் அக்காவுக்குக் குரல். அதற்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.