பின்னால் வருகிறவள்

சாயங்காலம் பெயர் கூப்பிடும்போது அவன் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான். சத்திரத்துக்காரர் அந்தப் பெயரை இரண்டாவது முறையாக வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மாமியார் முழங்கையால் இடித்தாள்.

"மாப்ள, உங்களத்தான்."

"இருக்கேங்க" என்றான்.

செத்துப்போன மனைவியின் பெயருக்கு அவன் குரல் கொடுப்பது இது ஏழாவது நாள்.

மலைமேல் கோயிலுக்குப் போகும் இந்தப் பாதையை நடந்து முடிக்க இருபத்திரண்டு நாள் ஆகும். நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது. மனுப் போட்டு, குலுக்கலில் பெயர் விழுந்து, வழிப்புத்தகம் தபாலில் வர ஒரு வருடம் பிடிக்கும். அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து போட்ட மனு அது. ஒரே புத்தகத்தில் இரண்டு பெயர். புத்தகம் வீட்டுக்கு வந்தபோது மகள் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அட்டையின் பின்பக்கம் இருந்த விதிகளை மாமியார் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை படித்தாள்.

"பேர மாத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கான். ஆள மாத்தக் கூடாதுன்னு எங்கயும் போடலியே" என்றாள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கிற பெயர்தான். முதல் வாயிலில் இருந்த குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தாமல் முத்திரை குத்தினான். இந்த நடைக்கென்று மனைவி ஆசையாக வாங்கி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்த மஞ்சள் மழைக்கோட்டை மாமியார் பக்கவாட்டில் பிரித்து, சாம்பல் நிறத் துணி கொடுத்து அவன் அளவுக்கு ஆக்கியிருந்தாள். அப்படியும் அக்குளில் பிடித்தது. கையை உயர்த்தும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல இருக்கும்.

முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. காரியம் முடிந்த பத்தாம் நாளே அலுவலகத்துக்குப் போய்க் குடும்ப அட்டையில் அவள் பெயரை நீக்கிவிட்டு வந்தவன் அவன். படிவத்தில் கடைசித் தேதி போட்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. மாமியார் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அடிச்சாச்சா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அந்த ஒரு தடவையை அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் இந்தச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று இரவே முன்னால் போகும் பாதையில் மண் சரிந்தது. மூன்று நாளாகப் பதினெட்டுப் பேர் ஒரே அறையில். கொடியில் காயாத துணிகள், மண்ணெண்ணெய் வாடை, யாருடையதென்று தெரியாத இருமல். அவன் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததிலிருந்து எதிர்க் கட்டில் பல் டாக்டருக்குப் பொழுது போவது சுலபமாகிவிட்டது.

"மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்குற ஆளே உள்ள மாட்டிக்கிட்டாரேப்பா! அது சரி, உள்ள மாட்டுனவங்ககிட்ட முதல்ல என்ன சொல்வீங்க?"

"கதவ நெம்பாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்வோம்."

"நெசமாவே வந்துக்கிட்டு இருக்குமா?"

"சில சமயம் அப்பத்தான் வீட்ல சட்டையே மாட்டிக்கிட்டு இருப்போம்."

அறையே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. யாருடைய கிழிந்த தோள்பையையோ மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு முட்டி வீங்கியிருந்தது. ஆனால் திரும்பிப் போக முட்டி ஒரு சாக்குதான், அது அவனுக்கே தெரியும். கூப்பிட்டால் மனைவி "ம்ம், சொல்லு" என்று இழுப்பாள். வேலைக்கு நடுவில் போனில் அந்த இழுப்பைக் கேட்கவென்றே ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிடுவான். இப்போது கண்ணை மூடி அவள் பெயரை மனதுக்குள் சொன்னால் பதிலுக்குக் கேட்பது அவனுடைய குரல். இருக்கேங்க. இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படிச் சொன்னால் அந்த இழுப்பு மொத்தமாகப் போய்விடும் என்று பயந்தான். திரும்பி இறங்கிவிட வேண்டும். கீழ்வழி திறந்துதான் இருந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் சத்திரத்துக்காரர் தனியாக இருந்தபோது போய் நின்றான்.

"நான் எறங்கிடலாம்னு பாக்குறேங்க. முட்டி ஒத்துழைக்கல."

"தாராளமா. இதுல என்ன இருக்கு?" பேரேட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "எறங்குறவங்க பேர மட்டும் அடிச்சிரணும். இல்லேன்னா அடுத்த சத்திரத்துல ஆளக் காணோம்னு தேட ஆரம்பிச்சிருவாங்க."

பக்கத்தில் ஏற்கெனவே நான்கு சிவப்புக் கோடுகள் இருந்தன. அவர் விரல் வரிசையாக இறங்கி அவள் பெயரில் நின்றது. பேனா முனை தாளைத் தொடப்போனது.

"ஐயா, அடிக்காதீங்க." குரல் தேவைக்கு மேல் எழும்பிவிட்டது. "அது என் பேரு இல்ல. என் சம்சாரத்தோட பேரு."

அவர் நிமிர்ந்தார். "இத்தன நாளா நீங்கதான குரல் குடுத்தீங்க? அப்ப அந்தம்மா எங்க?"

சொல்ல வேண்டிய சொல் நாக்கு வரைக்கும் வந்தது. பதினாறு வருடமாகப் பூட்டிய கதவுகளுக்கு வெளியே நின்று சொல்லிப் பழகிய வாய், வேறொன்றைச் சொன்னது.

"வந்துக்கிட்டே இருக்கா."

சத்திரத்துக்காரர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலால் அவள் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"மெதுவா நடக்குறவங்களும் உண்டுதான். வட்டம் போட்டா ஒரு கட்டில் காலியா வெச்சிருப்போம். ஆனா ஒண்ணு. ஒரே புத்தகத்துக்கு முத்திரையும் ஒண்ணுதான். அவங்க வந்து சேர்ற வரைக்கும் புத்தகத்துல பேரே இல்லாத நீங்களும் மேல போக முடியாது, உங்க மாமியாரும் போக முடியாது. எறங்குறதா இருந்தாலும் மூணு பேருமா சேந்துதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய், சன்னலோரக் கட்டிலில் மடித்த கம்பளி ஒன்றை வைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் பெயரை வாசித்தபோது அவன் வாயைத் திறக்கவில்லை. மாமியாரின் முழங்கை இடித்தது. மறுபடி இடித்தது. "பின்னால் வருகிறார்" என்று சத்திரத்துக்காரரே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

மாமியாரின் கையில் ஊசி நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டட்டும், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கட்டும், அதோடு இது முடிந்துபோகும் என்று காத்திருந்தான். அவள் சன்னலோரக் கட்டிலையும் அதன்மேல் இருந்த கம்பளியையும் பார்த்தாள். பிறகு குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"எப்ப வர்றாளாம்?"

மறுநாள் காலை மழை விட்டது. மண்ணை வெட்டி ஒதுக்கிவிட்டதாக மேலிருந்து ஆள் வந்து சொன்னான். அரை மணி நேரத்தில் அறை காலியாகிவிட்டது. பல் டாக்டர் வாசலில் நின்று, "என்ன மெக்கானிக், கதவு தெறந்தாச்சு, இன்னும் உள்ளயே இருக்கீங்க?" என்றார். கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

மாமியார் வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேலே போகும் பாதைக்கு முதுகைக் காட்டியபடி, அவர்கள் ஏறி வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சீவி, புடவையைச் சரியாகக் கட்டியிருந்தாள். அவன் நொண்டிக்கொண்டே போய் எதிர்முனையில் உட்கார்ந்தான்.

"அத்த."

"ம்."

"நான் என்னமோ வாய்தவறி..."

"அந்தக் கோட்டக் கழட்டிக் குடுங்க. வந்தா அவளுக்கு வேணும்ல."

கழற்றிக் கொடுத்தான். அவள் இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்து, சாம்பல் துணியை ஒட்டியிருந்த தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். அவசரமே இல்லை. காற்றுப் பட்டதும் அவனுக்குத் தோள் சிலிர்த்தது.

கீழே வளைவுக்கு அப்பால் மணிச்சத்தம் கேட்டது. மளிகை ஏற்றி வரும் கோவேறு கழுதை. அது இருவருக்குமே தெரியும். நாலு நாளாக இதே நேரத்துக்குத்தான் வருகிறது. மாமியார் கத்தரியை மடியில் வைத்தாள். சத்தம் நெருங்கி வந்தது.

அவன் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து, நடுவே ஒருவர் உட்கார இடம் விட்டான்.