மலேயாக்காரன் வயல்

பாபநாசத்து வங்கி ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு மேசைமேல் தள்ளினார்.

"நீங்க மலேசியப் பிரஜை. பினாங்கிலேர்ந்து அனுப்பின டிராஃப்ட் எல்லாம் உங்க தம்பி பேருக்கு. அவர் கணக்குல விழுந்தா அது அவர் பணம். வெளிநாட்டுக்காரர் நஞ்சை வாங்கணும்னா ரிசர்வ் வங்கி அனுமதி வேணும். பேசாம ஊர் போய்ச் சேருங்க."

ஜெகபர் அலிக்கு உச்சந்தலை கொதித்தது. பினாங்கில் அவரை அந்நியன் என்று சொல்லி மளிகைக்கடை லைசென்ஸைப் பிடுங்கப் பார்த்தார்கள். கடையைக் காப்பாற்றத்தான் அந்தக் குடியுரிமையையே எடுத்தார். இங்கே வந்தால் இவர்களும் அந்நியன் என்கிறார்கள். பிறந்த மண்ணாம், மண்ணாங்கட்டி!

கூடப்பிறந்தவன்தானே என்று, அனுப்பிய பணத்தில் வாங்கிய வயலின் பத்திரத்தைத் தம்பி மீரா உசேன் பேரில் முடிக்கச் சொன்னது யார் குற்றம்? அந்த வயலை விற்றால்தான் மகள் ஆயிஷாவின் கல்யாணம்.

வீட்டில் தம்பி நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"கோர்ட்டுக்குப் போனா நீங்கதான் மாட்டுவீங்கண்ணே. மலேயாக்காரன் திருட்டுத்தனமா நிலம் வாங்கினான்னு நானே எழுதிப் போடுவேன். வயலை விக்க கிரயம் பேசியாச்சு. குத்தகைக்கார கோவிந்தராசுதான் நிலத்தை விட்டு எறங்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான். சொல்லுங்க, ஆயிஷா கல்யாணத்துக்கு ஐயாயிரம் தர்றேன்."

அடப்பாவி! அவர் காசிலேயே அவருக்குப் பிச்சை. ஜெகபர் அலி தம்பியோடு வயலுக்கு நடந்தார்.

களை பறித்துக்கொண்டிருந்த கோவிந்தராசு வரப்பேறி வந்தான்.

"வாங்க பாய். எப்ப வந்தீங்க?"

"அது கெடக்கட்டும். தாசில்தார் ஆபீஸ்ல குத்தகைதாரர்னு உன் பேரைப் பதிஞ்சியா?"

"இல்லீங்க. தம்பிக்குப் பயந்துகிட்டு ஒருத்தரும் சாட்சிக்கு வரமாட்டேங்கறாங்க."

"நான் வர்றேன். உன்னைக் குத்தகைக்கு வச்சதே நான்தானே. கழக ஆட்சியில சட்டம் போட்டிருக்காங்க. பேர் ஏறிட்டா எவன் வந்தாலும் உன்னை எறக்க முடியாது. ஆள் இருக்கற நிலத்தை எந்த மடையன் வாங்குவான்?"

மீரா உசேனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பைத்தியமா உங்களுக்கு? வயலும் கெடைக்காது, ஐயாயிரமும் போச்சு. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"பினாங்குக் கடையை வித்து எம் பொண்ணு கல்யாணத்தை முடிச்சுக்கறேன். இங்க எனக்கு என்னடா லாபம்? நான்தான் மலேயாக்காரனாச்சே."

அவர் கோவிந்தராசு பக்கம் திரும்பினார்.

"காலைக் கழுவிட்டு சட்டையைப் போட்டுக்கிட்டு வா. பஸ் வர்ற நேரமாச்சு."