ரப்பர் பால் ஊற்றிய சப்பாத்து

தோட்டத்து ஆஸ்பத்திரியில், இழுத்தும் காலை விட்டு வராத பந்தாட்டச் சப்பாத்தைக் கத்தரித்து எடுத்தபோது தங்கராஜு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் நின்ற வீரமுத்துதான் ஐயோ என்று அலறினான். காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் சோமசேகரம் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆருக்கடாப்பா காயம்? உனக்கோ, இவனுக்கோ?"

வேறு நாளாக இருந்தால் வீரமுத்துவே முதலில் சிரித்திருப்பான். தங்கராஜுவின் முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பிளந்து எடுத்த சப்பாத்தை டிரெசர் தரையில் போட்டார். வீரமுத்து அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

வீரமுத்து ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்பவன். பிறந்ததிலிருந்து ஒரு பந்தையும் ஒழுங்காக உதைத்ததில்லை. ஆனால் பால்மரப் பட்டையை வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்த தங்கராஜு இந்தத் தைப்பூசம் கழித்துத் தோட்டத்து அணியில் சேர்ந்ததிலிருந்து, ஊரெல்லாம் ஒரு பக்கம் என்றால் வீரமுத்து தங்கராஜு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அடுத்த ஞாயிறு வரைக்கும் பேசுவான். கேட்பவன் தப்பித்து ஓடினால் அடுப்பு விறகிடம் பேசுவான். வெறுங்காலோடு அந்தப் பயல் இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது, கோட்டுக்கு வெளியே இவனும் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு கூடவே ஓடுவான். "பெத்த புள்ளைக்குக் காய்ச்சல்னாகூட இப்படித் துடிச்சதில்ல இந்த மனுசன்" என்று அவன் மனைவி ராஜம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷம். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெயர் யாருடையது என்று கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, குளுவாங் டவுனில் பந்தாட்டக் கிளப் ஒன்றின் ஆட்கள் தங்கராஜுவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டார்கள். கிளப்பில் சேர்ந்தால் ஆபீசில் பியூன் வேலையும் உண்டு. ஒரே நிபந்தனை, சப்பாத்து போட்டு ஆடிக் காட்ட வேண்டும்.

தோட்டத்துத் துரை தன்னுடைய பழைய சப்பாத்தைக் கொடுத்தார். அதில் தங்கராஜுவின் கால் குளத்தில் விழுந்த தவளை மாதிரி கிடந்தது. துணி அடைத்துப் பார்த்தார்கள், பஞ்சு அடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் வீரமுத்துவுக்குத்தான் யோசனை பிறந்தது. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு எதற்குப் பஞ்சைத் தேட வேண்டும்? சப்பாத்துக்குள் ரப்பர் பாலை ஊற்றிச் சுழற்றி வடித்தான். புகையில் காயவைத்து மறுபடியும் ஊற்றினான். கடைசிப் பூச்சுக்குத் தங்கராஜு காலில் எண்ணெய் தடவி உள்ளே விட்டு, பால் காயும்வரை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சப்பாத்து தோலோடு தோலாகப் பிடித்துக்கொண்டது. அதைக் கழற்ற இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

"இது தானா கழண்டுச்சின்னா என் மீசைய எடுத்துடுறேன்லா" என்று வீரமுத்து லயம் முழுக்கச் சவால் விட்டான்.

குளுவாங் திடலில் முதல்நாள் இரவெல்லாம் மழை, ஆட்டத்தன்றும் தூறல் விடவில்லை. கிளப் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பந்தை அடிக்கத் தங்கராஜு இடது காலைத் தூக்கினான், உடம்பு திரும்பியது. வலது சப்பாத்தின் அடியில் வழுக்காமலிருக்க வைத்த குமிழ்கள் சேற்றில் புதைந்து அப்படியே நின்றன. முட்டிக்குள் ஏதோ அறுந்த அந்தச் சத்தம் கோட்டோரம் நின்ற வீரமுத்துவுக்கே கேட்டது. மீசை தப்பித்தது.

மறுநாள் காலையில் டிரெசர் வீரமுத்துவை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"முட்டுக்குள்ள நார் அறுந்து போச்சுது. இனி அவன் பந்து அடிக்க ஏலாது."

"மரமாச்சும் வெட்டுவானாங்கய்யா?"

"குந்தி எழும்பினால்தானே மரம் வெட்டலாம்? வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில ஏற வேணும். துரை கேட்டால் நான் உள்ளதைத்தானே சொல்ல வேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சப்பாத்து கழண்டிருந்தாலே கால் தப்பியிருக்கும். அந்தப் பெரிய சப்பாத்து ஏன் கழலாம நிண்டது எண்டுதான் எனக்கு விளங்கேல்ல."

வீரமுத்துவுக்கு விளங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துக் கையில் வைத்திருந்தான். உள்ளே போய்த் தங்கராஜுவின் காலைப் பிடித்துக்கொண்டு, தான் ஊற்றிய பாலால்தான் முட்டி போனது, இனி ஆட முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நுழைந்தான். அவனைக் கண்டதும் தங்கராஜு முழங்கையை ஊன்றி எழ முயன்றான்.

"அண்ணே, பாத்தீங்கல்ல? அம்புட்டுச் சேத்துலயும் கழலவே இல்ல. நீங்க சொன்னாப்லயே."

வீரமுத்து தரையில் கிடந்த சப்பாத்தை எடுத்துப் புரட்டினான்.

"இவங்கதான் வெட்டிப்புட்டாங்க. நீங்க ஒட்டிக் குடுத்துடுங்கண்ணே. அந்தக் கிளப்புக்காரங்க அடுத்த மாசமும் ஆள் பாக்க வருவாங்களாம்ல?"

"ஒட்டிரலாம்டா" என்றான் வீரமுத்து. வாசலில் தங்கராஜுவின் தாய் அங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். "நடந்துருவான்ல தம்பி? கப்பல்ல ஏத்திட மாட்டாங்கள்ல?" என்று கேட்டாள். வீரமுத்து சப்பாத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனான்.

கொட்டகையில் வெட்டின இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி, பிளவில் பாலை ஊற்றித் தேய்த்தான். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டான். அடியில் தங்கராஜுவின் ஐந்து கால்விரல்களின் குழியும் அப்படியே இருந்தன. பெருவிரல் குழி மட்டும் கொஞ்சம் ஆழம். அவற்றில் தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். பிறகு காய்ந்துகொண்டிருந்த ஷீட்டுகளுக்கு நடுவே அந்த ஒற்றைச் சப்பாத்தைத் தொங்கவிட்டு, அடுப்பில் இன்னொரு விறகை வைத்து ஊதினான். சப்பாத்தின் வாய் வழியாகப் புகை உள்ளே போய், நிறைந்து, வெளியே வழிந்தது.