புளூகில்லின் ஒன்றுவிட்ட தம்பி

என் மனுசன் வாமதேவன் பரிஸ் நகரத்தில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தவர். போன மார்கழியில் முதலாளி கடையை விற்றார். வாங்கியவர் அங்கே கைத்தொலைபேசி விற்கிறார். மனுசன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தை வந்தது, மாசி வந்தது, அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. டொக்டர் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்லிக் குளிசை தந்தார். "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இவர் குளிசையை விழுங்கினார்.

பங்குனியில் ஒருநாள் நான் வேலையால் வந்தபோது மனுசன் எழும்பி இருந்தார். கையில் போன். போனுக்குள் தாடி வைத்த ஒரு அமெரிக்கன் தன் வீட்டு வாகன அறையில் மீன் வளர்த்துக்கொண்டிருந்தான்.

"புளூகில்" என்றார் மனுசன். "குளிர் தாங்கும். எங்கடை ஊர்க் குளத்து ஜப்பான் மீனுக்குச் சுடுதண்ணி வேணும். இதுக்கு வேண்டாம்."

கிழமைக் கணக்கில் பேசாத வாய் பேசியது. புளூகில் என்றால் என்ன கோதாரி என்று நான் கேட்கவில்லை. "நல்லது, வளருங்கோ" என்றேன்.

குசினி யன்னலோரம் ஒரு நீலப் பீப்பாய் வந்தது. அதற்கு மேலே களிமண் உருண்டை நிரப்பிய தட்டு. தட்டில் வல்லாரையும் பொன்னாங்காணியும். மீன் பீப்பாய்க்குள் கழிக்கும். அந்தத் தண்ணீரை ஒரு சின்ன மோட்டர் தட்டுக்கு ஏற்றும். செடி அழுக்கை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீரைத் திருப்பி மீனுக்கே விடும். அந்த வல்லாரையில் வெள்ளிக்கிழமை சம்பல் போடலாமா என்று கோயில் ஐயரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே போட்டேன்.

எல்லாம் வந்தது, மீன்தான் இல்லை. பரிஸ் நகரத்தில் புளூகில் விற்பார் யாருமில்லை. வளர்ப்பு மீன் கடைகளுக்கு நானே ஏறி இறங்கினேன். ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்குப் போங்கள் மதாம் என்றான். கடைசியில் ரோமன்தான் கைகொடுத்தான். இவரோடு அதே குசினியில் கோப்பை கழுவின தமிழ்ப் பெடியன், ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர்க் குளமொன்றில் தூண்டில் போடுகிறவன். ஒரு வாளியில் உள்ளங்கை அளவு மீன்கள் கொண்டுவந்தான். மனுசன் போனையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அமெரிக்கன்ரை மீனுக்குச் செவுளிலை கறுப்புப் பொட்டு. இதுக்குச் சிவப்பு."

"இது புளூகில்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி அண்ணை. பெர்ஷ் சொலெய் எண்டு சொல்லுவினம்" என்றான் ரோமன்.

மனுசன் யோசித்துவிட்டு ஒன்றுவிட்ட தம்பியை ஏற்றுக்கொண்டார். வாசலில் ரோமன் என்னிடம் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இது இந்த நாட்டு மீனில்லை. மற்ற மீனுகளின்ரை முட்டையைத் தின்னும். பிடிச்சால் திருப்பித் தண்ணியிலை விடக்கூடாது. உயிரோடை கொண்டுபோகவும் கூடாது. பிடிபட்டால் அமாந்து கட்டவேணும்."

"அப்ப என்னதான் செய்யலாம்?"

"கொல்லலாம்."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்குச் சொன்ன சட்டங்களைவிட இது தெளிவாக இருந்தது.

மனுசன் விடிய எழும்பினார். சவரம் செய்தார். நாள் முழுக்கப் பீப்பாயடியில் கதிரை போட்டிருந்தார். கதைத்தார், ஆனால் மீனைப் பற்றி மட்டும். நான் சாப்பிட்டேனா, கால் நோகிறதா, ஒன்றும் கேட்கமாட்டார். படி இறங்கி வெளியே போகவும் மாட்டார். பரவாயில்லை, எழும்பி இருக்கிறாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதமே மீன் சாகத் தொடங்கியது. காரணம் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒருதரம், ஒரு சிட்டிகை என்று அமெரிக்கன் சொன்னான். இவர் யாழ்ப்பாணத்து ஆள், அதுவும் சமையல்காரர். யாரும் போதும் என்று சொன்னால் நம்பமாட்டார். "பாவம், பசியிலை வாயைத் திறக்குதுகள்" என்று அள்ளி அள்ளிப் போட்டார். மிச்சம் அடியில் கிடந்து அழுகித் தண்ணீர் நஞ்சானது. எங்கள் வீட்டில் மீன்கள் உபசரிப்பில் செத்தன.

முதல் மீன் மிதந்த அன்று மனுசன் திரும்பிப் போய்ச் சுவர்ப்பக்கம் படுத்துவிட்டார். மிச்ச மீனுக்குத் தீன் போடத்தான் பின்னேரம் எழும்பினார். இந்த மீன் போனால் என் மனுசனும் போய்விடுவார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு முன்னமே எழும்பிச் செத்ததை எடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ரோமனிடம் போய் அதே அளவில் புதிது வாங்கி வருவேன். அவன் இனிக் கொண்டுவந்து தரமாட்டான். "நசியோனாலிதேக்குப் போட்டிருக்கிறன் அக்கா, பிரெஞ்சுப் பிரசையாகிற நேரத்திலை மீனாலை அதைக் கெடுக்கேலாது" என்றான். நான் அரிசி வாளிக்குள் மீனைப் போட்டு மூடி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருதரம் கார் து நோர் ஸ்டேசனில் பொலிஸ் வரிசையாக நின்று பைகளைத் திறக்கச் சொன்னது. எனக்கு முன்னால் நின்றவளோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் வீடு வந்து வெகுநேரம் குளியலறைக்குள்ளேயே இருந்தேன்.

ஆவணியில் ஒரு கிழமைக்குள் பாதி மீன் போனது. அந்த ஞாயிறு பிள்ளையார் தேர். நான் யோசித்தேன். தேரன்று ரயில் முழுக்கப் பட்டுச் சேலையும் பித்தளைக் குடமும்தான். எந்தப் பொலிஸ் பாற்குடத்தைத் திறக்கும்?

சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு ரோமனிடம் போனேன். குடம் நிறைய மீன் வாங்கி, வாயை மஞ்சள் துணியால் கட்டி, வேப்பிலை செருகினேன். ரோமன் சிலுவை போட்டுக்கொண்டான். ரயிலில் டிக்கெட் பார்க்கிற கொந்த்ரோலர் என் கார்ட்டைப் பார்த்துவிட்டு, "போன் ஃபெத், மதாம்" என்று திருநாள் வாழ்த்துச் சொன்னான்.

எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், சனத்தை யோசிக்கவில்லை. எங்கள் வீடு இருக்கிற ரூ பெர்தொனேயில் காலடி வைக்க இடமில்லை. தேர் வருகிறது, உடைத்த தேங்காய் ஓடு கால் எங்கும். பாற்குட வரிசையை ஒழுங்கு செய்கிற நாகேஸ்வரி என்னைக் கண்டுவிட்டாள்.

"கோசலை! நீர் நேத்தி வைச்சிருக்கிறீர் எண்டு ஒரு வாய் சொல்லேல்லையே!"

நான் வாய் திறக்கும் முன்னமே குடம் என் தலையில் இருந்தது. நான் வரிசையில் இருந்தேன். முன்னாலும் பின்னாலும் பெண்கள், இரண்டு பக்கமும் கயிறு. வரிசை நேரே கோயிலுக்குப் போகிறது. அங்கே குடத்தை வாங்கிப் பிள்ளையாருக்கு ஊற்றுவார்கள். ஐயோ, பிள்ளையாரே!

அப்போது பார்த்து உள்ளே ஒன்று துள்ளியது. மஞ்சள் துணி எழும்பி விழுந்தது.

"அக்கா, உங்கடை குடம் அசையுது" என்றாள் பின்னால் வந்தவள்.

திரும்பவும் துள்ளியது. பின்னால் வந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அரோகரா!" என்றாள். வரிசை முழுக்க அரோகரா போட்டது. என் காலில் ஒருத்தி விழுந்தாள். நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் அவரைக் கண்டேன். சாரம், வீட்டுப் பெனியன். ஒரு காலில் தன்னுடைய செருப்பு, மறுகாலில் என்னுடையது. மார்கழியிலிருந்து படி இறங்காத மனுசன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசைக்குள் நுழைந்தார். நாகேஸ்வரி கத்தினாள். அவர் காதில் விழவில்லை.

"கோசலை, எல்லாம் செத்துப்போச்சுதுகள். ஒண்டும் மிச்சமில்லை."

இனி இவர் மேலே போய்ப் படுப்பார், எழும்பமாட்டார் என்று நினைத்தேன்.

"திரும்பப் படுக்கத்தான் போனனான்" என்றார். "படுத்தால் எழும்பமாட்டன் எண்டு பயமாப் போச்சு. அதுதான் உம்மைத் தேடி வந்தனான்."

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. இரண்டு கையும் குடத்தில் இருந்தன, துடைக்க வழியில்லை. மார்கழியிலிருந்து அழாததெல்லாம் நடுத்தெருவில் வழிந்தது. பக்தி முற்றிவிட்டது என்று பின்னால் நின்றவளும் அழத் தொடங்கினாள்.

"இஞ்சை பாருங்கோ" என்றேன் விக்கலோடு. "இது பாலில்லை. மீன். எல்லாம் உயிரோடை இருக்கு."

நாகேஸ்வரி வாயைப் பொத்தினாள். மனுசன் குடத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"மீன் கிடக்கட்டும். நீர் ஏன் அழுறீர்?"

"கழுத்து நோகுது" என்றேன்.

அவர் குடத்தை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.