கோச் என்ன சொன்னாரு?

ஸ்கோர் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஒரு உள்ளங்கையைப் படுக்க வைத்து, மறு கை விரலால் அதற்கு அடியில் முட்டுக் கொடுத்துக் காட்டினாள் மோகனா. டைம்-அவுட். மேசையில் இருந்த பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். காட்டன் சுடிதார், நெற்றியில் பொட்டு, தோளில் ஹேண்ட்பேக். கழுத்தில் தொங்கிய அட்டையில் உதவிப் பயிற்சியாளர் என்று இருந்ததைப் படித்த பிறகுதான் ஹாரனை அழுத்தினான்.

"அக்கா, கோச் என்ன சொன்னாரு?" ஓடி வந்ததும் நவமணி கேட்டாள். அவள்தான் கேப்டன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, கண் மட்டும் மோகனாவின் கைப்பேசியிலேயே இருந்தது.

மோகனா வாட்ஸாப்பைப் பார்த்துப் படித்தாள். "'நாலாம் நம்பர வலது பக்கம் விடாதீங்க. அவளுக்கு இடது கை வராது.' அவ்வளவுதான் போட்டிருக்காரு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நேரலையில் ஆட்டம் பார்த்து, எதிரணிக்காரிக்கு எந்தக் கை வராது என்று கண்டுபிடிக்கிற கோச் வேறு யாருக்கு இருக்கிறார் என்ற பெருமை அவர்களுக்கு.

அந்தக் கோச் தயாளன், மோகனாவின் கணவன். கட்டிலருகே இருந்தது அவன் தம்பி குகன். அண்ணன் முனகுவதைக் கேட்டு அவன் தட்டி அனுப்புவான், இங்கே மோகனா படிப்பாள். காலையில் அவளைத் தனியே கூப்பிட்டு குகன் ஒன்று சொல்லியிருந்தான். "மெசேஜ் வந்தா அண்ணன் பேசுறாருன்னு வச்சுக்குங்க அண்ணி. நான் கால் பண்ணேன்னா... நீங்களே புரிஞ்சுக்குங்க."

ஈரலில் வந்த புற்று எங்கெங்கோ பரவி, இன்றோ நாளையோ என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட நாளில் கூடைப்பந்தாட்டத்துக்குக் கிளம்புகிற பெண்டாட்டியை எந்தக் குடும்பம் சும்மா விடும்? தயாளனின் அக்கா வள்ளியம்மா வார்டு வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா?" உள்ளேயிருந்து தயாளன்தான் பதில் சொன்னான், மிச்சம் இருந்த குரலில். "அவ போகலன்னா டைம்-அவுட் கேக்க ஆளில்லக்கா. ரூல் அப்படி லா."

ரூல் அதுதான். கோச் வராவிட்டால் லைசென்ஸ் உள்ள உதவிக் கோச் பெஞ்சில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் போட்டியில் அணி இறங்கவே முடியாது. போன வருஷம் வேறு ஆள் அகப்படாமல் அவளைத்தான் பயிற்சி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். அட்டை வந்ததே தவிர, அவள் ஒப்புக்குச் சப்பாணிதான். தண்ணீர் போத்தலை நிரப்புவாள், ஜெர்சி துவைப்பாள்.

உண்மையில் அந்தப் பந்து அவளுக்குச் சக்களத்தி. கல்யாணமான புதிதில் தயாளன் ஈப்போவில் ஆடினான். அப்புறம் கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹாட்யாய், மேடான், மணிலாவுக்குப் பக்கத்தில் வாயில் நுழையாத ஓர் ஊர். ஒரு சீசனுக்கு ஒப்பந்தம், முடிந்ததும் மூட்டை முடிச்சு. அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு பாதி ஆட்டங்களை உட்கார்ந்துதான் பார்த்தான். நல்ல ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் தயாளனைக் கூப்பிடுவார்கள். சுளுக்கு இறங்கியதும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அவன் சலித்துக்கொண்டதே இல்லை, அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். முட்டி தேய்ந்து பினாங்குக்கே திரும்பி, சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த சிமெண்ட் கோர்ட்டில் பெண்பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தபோது, "இன்னும் விடலையா இத?" என்றுதான் கேட்டாள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று மாநில இறுதி ஆட்டத்தில் ஆடுகிறார்கள்.

மூன்றாவது பகுதி முடிந்தபோது ஐந்து புள்ளி முன்னால் இருந்தார்கள். 'நல்லா ஆடுறாங்க. தண்ணி குடிக்கச் சொல்லு' என்று மெசேஜ் வந்தது. குடிக்கச் சொன்னாள், குடித்தார்கள்.

நாலாவது பகுதியில் ஜுருவிலிருந்து வந்த அணிக்கு என்ன வெறி வந்ததோ, போட்டதெல்லாம் விழுந்தது. ஐந்து மூன்றாகி, மூன்று ஒன்றாகியது. நவமணி இரண்டு போட்டாள், அவர்கள் திருப்பி இரண்டு போட்டார்கள். மோகனா எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. தொண்டை கட்டக் கட்டக் கத்தினாள். "கைய தூக்கு, கைய தூக்கு" என்று தயாளன் கத்துகிற மாதிரியே கத்தினாள். உள்ளதைச் சொன்னால், அந்தச் சில நிமிஷம் அவளுக்குப் புருஷன் ஞாபகமே இல்லை. இவ்வளவு வருஷம் இந்தச் சனியனை அவன் ஏன் விடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நவமணி தப்பவிட்டா பந்து வலது பக்கம்தான் விழுது," என்று பக்கத்தில் ரோஹானா முணுமுணுத்தாள். "ஒருத்தரும் அங்க நிக்கமாட்றாங்க அக்கா." ரோஹானாவை இன்னும் ஆட்டத்தில் இறக்கவே இல்லை. முதலிலிருந்து பெஞ்சு நுனியில் அமர்ந்து, தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தாள்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. மெசேஜ் இல்லை. அதிர்வு நிற்கவில்லை. திரையில் குகன் பெயர்.

மோகனா உட்கார்ந்துவிட்டாள். எடுத்தால் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கோர்ட்டில் இருக்கிற ஐந்தும் நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்த முகத்தைத்தான் பார்க்கின்றன. கைப்பேசியைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"யாருக்கா?" என்றாள் ரோஹானா.

"பேங்க்காரன். லோன் வேணுமான்னு கேக்குறான்."

சொல்லி முடிப்பதற்குள் ஜுருக்காரி ஒருத்தி மோதித் தள்ளிக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டாள். முதல் தடவையாக அவர்கள் ஒரு புள்ளி முன்னால். மிச்சம் பதினோரு விநாடி. மோகனாவின் கால்கள் தாமாக மேசைக்குப் போயின. இந்த முறை அந்தப் பையன் அட்டையைப் படிக்கவில்லை, உடனே அழுத்திவிட்டான்.

பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வேர்வை நெடி, சூடு. "அக்கா, கோச் என்ன சொன்னாரு?"

கைப்பேசியை எடுத்து, இருண்டு கிடந்த திரையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். பிறகு படித்தாள்.

"'ரோஹானாவ எறக்கு. பந்து நவமணிக்குப் போகட்டும், பயப்படாம ஷூட் பண்ணட்டும். விழலன்னா பரவால்ல, வலது பக்கம் ரோஹானா நிப்பா. எல்லாரும் களைச்சுட்டாங்க, அவ காலுதான் இன்னும் புதுசா இருக்கு.'"

"நானா?" என்றாள் ரோஹானா.

"கோச் சொல்றாரு லா. போ."

விசில் அடித்தது. பந்து இரண்டு கை மாறி நவமணிக்கு வந்தது. இரண்டு பேர் அவள் மேல் வந்து விழுந்தார்கள். எம்பி விட்டாள். பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கம் விழுந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடித்தது. பிடித்த கை கீழே இறங்கவே இல்லை, அப்படியே மேலே தள்ளிவிட்டது. வலை ஆடியது. ஹாரன் அடித்தது.

அப்புறம் நடந்தது ஒன்றும் வரிசையாக மோகனாவுக்கு நினைவில்லை. ரோஹானாவைத் தூக்கினார்கள். நவமணி தரையில் படுத்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் வந்து மோகனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள், அவளும் குதித்தாள். "கோச் கோச்சுதான்," என்று ஒருத்தி கத்தினாள். "பதினோரு செகண்ட்ல எப்படிக்கா அவருக்குத் தெரிஞ்சது?"

நடைவழிக்கு வந்து குகனை அழைத்தாள்.

"அண்ணி," என்றான்.

"எப்ப?"

"தண்ணி குடிக்கச் சொல்லுன்னாரு. தட்டி அனுப்பிட்டு நிமிந்து பாக்குறேன்... டாக்டர் வந்து சொன்னப்புறம்தான் உங்களுக்குப் போன் அடிச்சேன்."

"அப்ப நாம எத்தன முன்னால?"

"அஞ்சு."

மோகனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊர் ஊராகப் போய்த் தோற்ற ஆட்டங்களை எல்லாம் பெஞ்சிலிருந்தே பார்த்தவன், ஐந்து முன்னால் இருக்கையில் போயிருக்கிறான். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

"இங்க வள்ளியம்மா அக்கா ஒரே சத்தம் அண்ணி. எப்ப வரீங்க?"

"பிள்ளைங்க காலையிலேருந்து பன்னு மட்டும்தான் தின்னுருக்குங்க குகா. இப்பச் சொன்னா ஒண்ணும் உள்ள எறங்காது. சோறு வாங்கிக் குடுத்துட்டு எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

முகம் கழுவிக்கொண்டு வந்து பிள்ளைகளை வேனில் ஏற்றினாள். சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை ஒன்றில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டார்கள். கோப்பை நடுவில் நின்றது. கடைக்காரர் வந்து அதைத் தட்டிப் பார்த்து, யார் ஜெயித்தது என்று கேட்டு, ஆளுக்கு ஒரு முட்டை சும்மா வைத்தார். சாப்பிட்டதும் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போவது, நர்ஸ் திட்டினாலும் எல்லாரும் உள்ளே நுழைந்துவிடுவது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மோகனா ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நவமணி முடித்துவிட்டாள்.

"அக்கா," என்று ரோஹானா பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "அந்த மெசேஜ எனக்கு அனுப்புறீங்களா? எங்கம்மாகிட்ட காட்டணும்."

"பேட்டரி போச்சுமா."

"அப்ப சொல்லியாச்சும் காட்டுங்க."

மோகனா ஒரு சொல் மாறாமல் சொன்னாள். 'அவ காலுதான் இன்னும் புதுசா இருக்கு' என்ற இடத்தில் அவள் குரல் தயாளனுடையது போலவே இறங்கியது.

"என் பேரச் சொன்னாரா? அவரா?"

"அவரேதான்."

ரோஹானா தலையைக் குனிந்துகொண்டு விரலால் சோற்றை அளைந்தாள். காதோரம்வரை சிரிப்பு ஓடியிருந்தது.

"பேசாம சாப்பிடு," என்று மோகனா கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். ரோஹானாவின் தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது.