நூற்றிருபது வோல்ட்

"அப்பாவோட மெஷின் எங்க?" என்று அண்ணன் கேட்டபோது அவள் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

வாசலில், பிண வண்டிக்காரன் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரின் ஒரு கால் இறக்கும்போதே விட்டுப்போயிருந்தது. நாலு பேர் கையில் தூக்கிக்கொண்டு போனால் முடிந்தது. ஆனால் காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கிய அண்ணனுக்கு எதையாவது செய்தாக வேண்டியிருந்தது.

"நான் அனுப்பின மெஷின்லயே வெல்டு வைக்கறேன். அப்பாவுக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனதும் பொத்தானை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

ரிட்டையரான கையோடு அப்பாவுக்குப் பிடித்த ஆசை வெல்டிங். தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு, உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் செய்யப் பார்த்தார். அவள் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தாள். "புதுசா கத்துக்கறவருக்குப் பெருசெல்லாம் எதுக்கும்மா? சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் போதும். வீட்டு கரண்ட்லயே ஓடும். மெல்லிசு வெல்டிங் ராடா போடச் சொல்லுங்க, ஃபியூஸ் போகாது" என்று ஒரு கடைக்காரர் பொறுமையாகச் சொல்லி, ஒன்றை எடுத்தும் வைத்தார். அதற்குள் அண்ணனின் பார்சல் வந்துவிட்டது. அப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத குறை. பிரித்தார், பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். அண்ணன் இருக்கும் நாட்டின் நூற்றிருபது வோல்ட் கரண்டுக்குச் செய்த மெஷின். இங்கே வீட்டு கரண்ட் இருநூற்று முப்பது; சொருகினால் புகைதான் வரும்.

"அவன்கிட்ட சொல்லாதம்மா. ஆசையா வாங்கியிருக்கான், மனசு ஒடிஞ்சிடும்."

"சரி, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நான் கடைல பார்த்ததை வாங்கிட்டு வரேன்."

"வேண்டாம்மா. லீவுல வந்தான்னா ரெண்டையும் பார்த்துடுவான்."

லீவில் வந்து கிழித்தான். போனில் மட்டும் "என்னப்பா செஞ்சீங்க?" என்று விடாமல் கேட்பான். அப்பா தெருமுனை வெல்டிங் பட்டறையில் பெஞ்சைச் செய்யச் சொல்லி, அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்தவள் அவள். இந்தக் கூத்துக்குக் கூட்டு நின்றதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

ஷெட்டில் அண்ணன் மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாரேன், எப்படிப் புதுசு மாதிரியே வச்சிருக்கார்! இந்த பிளக்குக்கு அடாப்டரை எங்க வைப்பார்?"

"அடாப்டர் கிடையாது."

"அப்புறம் எதுல போட்டு ஓட்டினார்?"

"ஓட்டவே இல்ல. பின்னால திருப்பிப் படி."

திருப்பினான். அந்த ஒரு வரியைப் படிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப அந்த பெஞ்சு?"

"பட்டறைல செஞ்சது. நீ பார்த்தது எல்லாமே பட்டறைல செஞ்சது."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! இந்த வீட்டுலதானே பொறந்து வளர்ந்த? இங்க என்ன கரண்ட்னுகூடவா மறந்துபோச்சு?" அவள் குரல் வாசல் வரை கேட்டிருக்கும். கேட்கட்டும். "உன் மனசு ஒடியக்கூடாதுன்னு அந்த மனுஷன் ஒரு தடவைகூட ராடைக் கையில பிடிக்காமயே போயிட்டார். அவர் மேலயும் எனக்கு ஆத்திரம்தான். பக்கத்துல இருக்கற நான் வாங்கித் தரேன்னா வேண்டாம். வராத உனக்காக இந்தப் பெட்டிக்குக் காவல் இருந்தார்!"

அண்ணன் அங்கேயே ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டான். தேற்றுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் திரும்பி நடந்தாள்.

அதற்குள் பட்டறைக்காரர் தன் சொந்த மெஷினைக் கொண்டுவந்து ஹால் பிளக்கில் சொருகியிருந்தார். "ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றார் அவளிடம். பிறகு பொதுவாக, "எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க, இந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது."

அழுதுகொண்டிருந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். வாசலிலிருந்து வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. சுவரெல்லாம் நீலம், அப்பாவின் முகமெல்லாம் நீலம்.

'இப்ப பாருங்க, நல்லா பாருங்க' என்று மனசுக்குள் அவரிடம் சீறினாள்.

அடுத்த வெளிச்சம் அடிப்பதற்குள் அவள் கை போய் அப்பாவின் மூடியிருந்த கண்களை மறைத்துக்கொண்டது.