மாப்பிள்ளையின் தோள்பை

தம்பி மகளைக் கட்டிக்கொண்டு வந்தவர் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது என்று சொன்னால் அது பொய். இரண்டாம் நாள்தான் வந்தது. முதல் நாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். புது இடம், கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் கழுவினார். அப்போதுதான் யோசித்தேன். இவ்வளவு நல்லவராக இருக்க ஒரு மனிதருக்கு என்ன அவசியம்?

என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவார். மாமனாருக்கு அக்கா முறையாகிறவளை அப்படிக் கூப்பிடுவது சரிதான். அதிலும் குறை காண முடியவில்லை.

எங்களுடையது தோட்டவேலைக் குடும்பம். வேலி வெட்டுவது, புல் வெட்டுவது, காய்ந்த கிளையை அறுப்பது, சருகை ஊதி ஒதுக்கிக் கொண்டுபோய்க் கொட்டுவது. அப்பா ஒரு பெரிய கத்தரியோடு ஆரம்பித்த தொழில். அவர் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். நான்தான் எடுத்து நடத்தினேன். இப்போது எல்லாம் பேட்டரி மெஷின். தம்பி முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் போனை எடுக்கிறான். அவன் மகனும் மாப்பிள்ளையும் வேனில் வேலைக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். மெஷின் தூக்குகிற வயது போய்விட்டது, கண் போகவில்லை. மடக்கு நாற்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஆட்கள் கை வைத்தால் வேலி நூல் பிடித்தது போல் இருக்கும், சொன்ன நேரத்துக்கு வேலை முடியும் என்று ஊரில் பேர். அந்தப் பேர் சும்மா வரவில்லை, சும்மா போகவும் விடமாட்டேன்.

தம்பி மகனுக்கு மீசை அடர்ந்து வருஷங்களாயிற்று. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். கைவேகத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது. என் அப்பாவின் வேகம்.

இனி அந்தத் தோள்பை விஷயம்.

எங்கள் மெஷின்கள் எல்லாம் ஒரே கம்பெனி. வேலி வெட்டும் கட்டர், கிளை அறுக்கும் ரம்பம், சருகு ஊதும் ப்ளோவர், எதில் இருக்கும் பேட்டரியையும் எடுத்து எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். அது ஒரு வசதி. வேலி வெட்டும்போது சுள்ளியும் செடியின் பாலும் சேர்ந்து கட்டரின் பற்களுக்குள் அடைத்துக்கொள்ளும். நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி வேனில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு, பிரஷ்ஷாலும் விரலாலும் அடைப்பை எடுப்போம்.

மாப்பிள்ளை பேட்டரியைப் பெட்டியில் வைப்பதில்லை. தன் தோள்பையில் போட்டுக்கொள்வார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. போய் ப்ளோவரில் இருப்பதையும் கழற்றுவார், ரம்பத்தில் இருப்பதையும் கழற்றுவார், பெட்டியில் சும்மா கிடப்பதையும் அள்ளுவார். எல்லாவற்றையும் பையில் போட்டு, பையை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு, சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துதான் கட்டரைத் தொடுவார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் கொண்டுவந்து வைப்பார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயார் செய்துகொள்வார்கள்.

சின்னவன்தான் ஒரு நாள் வேனில் வரும்போது வாயைத் திறந்தான். மாப்பிள்ளை பின்னால் சருகு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"பேட்டரி எல்லாம் முன்ன மாதிரி நிக்கல அத்தை. பாதி வேலிக்கே படுத்துடுது."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? மச்சானோட தம்பியும் இதே மெஷின் வச்சுதான் வேலை பாக்கறானாம். பழசாம். அவ்வளவுதான் தெரியும்."

அதற்கு மேல் அவன் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் நல்ல பேட்டரி அந்தப் பக்கம் போகிறது, அவர்களுடைய ஓய்ந்த பேட்டரி இந்தப் பக்கம் வருகிறது. பை எதற்கு என்று புரிந்துவிட்டது. சம்பந்தம் பேச வந்த அன்றைக்கே அந்தத் தம்பிக்காரன் எங்கள் வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது வேறு ஞாபகம் வந்தது.

ஆனால் பார்க்காமல் பேசுகிற வழக்கம் எனக்கில்லை. மாடிக்குப் போய்த் தம்பி மகளிடம் சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான். ஏன், நான் பூசக் கூடாதா?"

"தாராளமா. நான் வேணா பூசி விடறேன். கால்லயா கையிலயா?"

"குடுடின்னா குடு."

சார்ஜர் அலமாரியில் இருந்த ஒவ்வொரு பேட்டரியின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். அடுத்து வந்த நாட்களில் மாப்பிள்ளை வேலையிலிருந்து திரும்பியதும் அலமாரிக்குப் போய்ப் புரட்டிப் பார்ப்பேன். எல்லாப் பொட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஒன்று கூட மாறவில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருடுகிறவனுக்காவது ஒரு காரணம் உண்டு. திருடாமல் பையைக் கட்டிக்கொண்டு திரிகிறவரை என்னவென்று எடுத்துக்கொள்வது? எங்களைத்தான் திருடர்கள் என்று நினைக்கிறாரா?

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா வீட்டில் மானம் போயிற்று. அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து கதவு வரைக்கும் வெட்டிய இலை. சின்னவன் ப்ளோவரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பொத்தானை அமுக்குகிறான், சத்தமே இல்லை. புரட்டிப் பார்த்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடம் ஓட்டை. கார் கதவுகள் திறக்கின்றன. டாக்டரம்மா படியில் நின்று சிரித்தபடியே கேட்டார்.

"என்னம்மா, சாமானில்லாமலே வேலைக்கு வந்துட்டீங்களா?"

அப்பா காலத்திலிருந்து எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாப்பிள்ளை பின்பக்கத்திலிருந்து பையோடு ஓடிவந்தார். விருந்தாளிகள் இலையை மிதித்துக்கொண்டு உள்ளே போன பிறகு.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொல்லிவிட்டேன். "இந்த வாரம் முடியட்டும். நான் பார்த்துச் சொல்றேன். இருக்கச் சொன்னா இருக்கட்டும், போகச் சொன்னா போகட்டும்."

தம்பி தலையாட்டினான். அவன் என்றைக்கும் எனக்குத் தலையாட்டுகிறவன். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் மகள்தான் இறங்கி வந்தாள்.

"அவர் போனா நானும் போறேன் அத்தை. அப்புறம் கூப்பிட்டா வரமாட்டேன்."

"கூப்பிட இங்க யாரு இருக்கா?" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் தாயில்லாமல் வளர்ந்தவள் அவள். நடை பழகியபோது அவள் பிடித்திருந்தது என் விரலை. அவள் இறங்கிப் போய்விட்டால் அந்த மாடியைப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று இன்னும் கூர்ந்து பார்த்தேன்.

வாரக் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து வேலி. ஆள் உயரம், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. பாதியில் கட்டர் அடைத்துக்கொண்டது. சின்னவன் அந்தக் கோடியில் சருகை வாரிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வழக்கம் போல் எல்லா பேட்டரிகளையும் கழற்றிப் பையில் போட்டார். சுவர் ஓரம் போகத் திரும்பினார்.

"மாப்பிள்ளை, எங்க போறீங்க? இங்கயே என் முன்னால உக்காந்து எடுங்க. அந்தப் பையை இப்படிக் குடுங்க."

"வேணாம் பெரியம்மா. கனமா இருக்கும்."

"கனம் தூக்கித்தான் இந்தக் குடும்பம் வளந்துது. குடுங்க."

கோடியில் இருந்த சின்னவனை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பையைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க பெரியம்மா."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் பையைத் திறந்தேன். ஒவ்வொரு பேட்டரிக்கும் வாயில் மூடி போட்டு, தனித்தனியாகத் துணி சுற்றியிருந்தது. சாவி, ஆணி, சில்லறை, இரும்பென்று சொல்ல ஒரு துண்டு கூட அந்தப் பைக்குள் இல்லை. சிவப்புப் பொட்டுகள் பத்திரமாக இருந்தன. பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி இதை யார் சுற்றுவார்கள் என்று அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். பார்க்க வசதியாக ஒன்றைப் பிரித்து, மூடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.

சின்னவன் போனைக் காதில் வைத்தபடி வேகமாக வந்தான். "இதோ முடிஞ்சுது சார், கிளம்பிட்டோம் சார்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே என் மடியில் இருந்ததை எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு எட்டில் கட்டரிடம் போய்க் குனிந்து சொருகினான்.

க்ளிக்.

மாப்பிள்ளையின் விரல்கள் அந்தப் பற்களுக்கு நடுவில்தான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சத்தம் வந்தபோது அவை அங்கே இல்லை. பின்னால் காலடி கேட்டதுமே கை வெளியே வந்துவிட்டது. பிரஷ் மட்டும் பற்களுக்குள் நின்றது.

சின்னவன் சிரித்தான். "என்ன மச்சான், இப்படிப் பதறுறீங்க? ட்ரிக்கர அமுக்கலையே! ரெடியா இருக்கட்டுமேன்னு மாட்டினேன்."

சொல்லிக்கொண்டே போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மெஷினைத் தூக்கினான். அதைத் தூக்குகிற கைகள் இரண்டும் பிடிக்கிற இடத்தைத்தான் பிடிக்கும். பிடித்தால் பிடியிலேயே இருக்கிற இரண்டு பொத்தானும் அமுங்கும். பல் ஓடியது. ஒரு நொடிதான். பிரஷ் இரண்டாகிக் கீழே விழுந்தது. அதன் முள் மயிரெல்லாம் என் செருப்பின் மேல் கொட்டியது.

போனில் இருந்த ஆள் மட்டும் "ஹலோ, ஹலோ" என்றார்.

நான் எழுந்தேன். சின்னவனைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு, இல்ல?"

"விடுங்க பெரியம்மா."

"காலடி கேட்டதும் கைய எடுக்கறது ஒரு நாள்ல வர்ற பழக்கம் இல்ல. நடந்திருக்கா இல்லையா?"

"வேகத்துல செய்யறார். வேணும்னு செய்யறதில்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"உங்க வீட்டுப் பிள்ளையைப் பத்தி வந்தவன் நான் சொன்னா, நீங்க யாரைச் சந்தேகப்படுவீங்க?"

அவரைத்தான். பேட்டரிக்கெல்லாம் பொட்டு வைத்தவள் நான்.

"அதுக்குத்தான் பையா?"

"ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணை எடுத்து மாட்டிடறார். அதான் எல்லாத்தையும் எடுத்துக்கறேன். டாக்டரம்மா வீட்டுல என்னால உங்களுக்குத் தலைகுனிவு ஆச்சு. அது தப்புதான்."

"அத்தை, சின்ன விஷயத்தை நீங்க வேற..." என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"போனை வை."

வைத்தான்.

"அந்தப் பேட்டரியக் கழட்டு. மச்சான்கிட்ட குடு." கழற்றிக் கொடுத்தான். என் கையிலிருந்த பையையும் மாப்பிள்ளையிடமே கொடுத்தேன். "க்ளவுஸ் போடு. உக்காரு. மிச்ச அடைப்பை நீ எடு."

"நானா?"

"ஏன், உன் விரல் என்ன வெள்ளியில பண்ணதா?"

கையுறையை மாட்டிக்கொண்டு கட்டரின் முன்னால் உட்கார்ந்தான். கை பற்களுக்குப் பக்கத்தில் போயிற்று. நின்றது. தலையைத் திருப்பி மாப்பிள்ளையின் கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தான். மாப்பிள்ளை மூன்று எட்டுத் தள்ளி நின்றார், ஒன்றும் செய்யவில்லை. சின்னவன் திரும்பவும் கையைக் கொண்டுபோனான். திரும்பவும் நின்றது.

"என்னடா பாக்கற?" என்றேன். "ட்ரிக்கர அமுக்கமாட்டார்."

அவன் முகம் கறுத்துவிட்டது. என் அப்பாவின் முகம் அது. அதில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. "மச்சான்... அத அங்க தள்ளி வைங்களேன்."

எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் மாப்பிள்ளையிடம், தெருவில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சுகிறான். இன்னும் கொஞ்ச நேரம் கெஞ்சட்டும் என்றுதான் நான் நினைத்தேன். மாப்பிள்ளை விடவில்லை. கிட்டே வந்து, கையில் இருந்த பேட்டரிக்கு மூடி போட்டுப் பையில் வைத்து, பையையே சின்னவன் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"உன் கை உள்ள போறப்ப எல்லாம் உன்கிட்டதான் இருக்கணும் தம்பி. என்கிட்ட இல்ல. பெரியம்மாகிட்டயும் இல்ல."

கடைசியில் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மடியில் வைத்துக் கொடுத்ததை ஒருவன் எடுத்துக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே. குடையை மடக்கினேன்.

சின்னவன் அடைப்பு முழுவதையும் எடுத்தான். அவன் அவ்வளவு மெதுவாக ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்கு நேரம் தாண்டித்தான் போனோம். வீட்டுக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் தம்பி வாசலிலேயே காத்திருந்தான். அவன் மகள் படியில் நின்றாள், பின்னால் ஒரு பெட்டி. உண்மையாகவே கட்டி வைத்திருந்தாள்.

"என்னக்கா முடிவு?" என்றான் தம்பி.

"மாப்பிள்ளை இருப்பார். இனிமே வேன்ல முன் சீட்டு அவருக்கு. உன் மகனைத்தான் கொஞ்ச நாளைக்கு நான் பாக்கணும்."

தம்பி தலையாட்டினான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். நன்றி என்றும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எங்கள் இரத்தம், வேறு எப்படி இருப்பாள்?

சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளை வழக்கம் போல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வைங்க மாப்பிள்ளை," என்றேன். "இன்னைக்கு அவன் கழுவட்டும்."